ஈட்டியுரு என்று நான் எழுதிய இலை

கொப்பிகளை மூடி வையுங்கள், பிள்ளைகளே. நான் சொல்லப்போவதில் எழுதி எடுக்க ஒன்றுமில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். ஈட்டியுருவான இலை என்றால் என்ன? பார்த்தீர்களா, அத்தனை கையும் எழும்புகிறது. நீளம் கூடியது, அகலம் குறைந்தது, நுனிவரை ஒடுங்கிக்கொண்டே போவது. சரியாகத்தான் ஒப்புவிக்கிறீர்கள். நானும் உங்களைப் போலத்தான் ஒப்புவித்தேன், இன்னும் வடிவாக. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சண்டிலிப்பாயில் ஒரு தாயையும் மகளையும் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

முகத்தைச் சுளிக்க வேண்டாம். பேச்சுக்காகச் சொல்லவில்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு, மாரி தொடங்கிய நேரம். நான் அந்தப் பகுதிக்கு விவசாயப் போதனாசிரியர். ஒரு சைக்கிளும் நீளமான நாக்கும் என் சொத்து. யுத்தகாலப் பொருளாதாரத் தடை இறுகியிருந்தது. உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, தோட்டத்துக்கு நீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க ஒன்றுமில்லாத அதிகாரிக்கு வாய்தானே மிச்சம்! கூட்டுறவுச் சங்கக்கடைக்குக் கோதுமை மா வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சனம் வெறுங்காணிகளிலும் வேலியோரங்களிலும் கிழங்கு தோண்டத் தொடங்கிவிட்டது. காட்டுவள்ளி அகப்பட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

காட்டுவள்ளி படர்கிற அதே வேலியில்தான் கார்த்திகைப்பூக் கொடியும் படரும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. பூத்து நிற்கும்போது சின்னப்பிள்ளைக்கும் தெரியும், ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள். பூக்க முன்னர்தான் வில்லங்கம். முதல் மழைக்கு முளைத்து ஒரு முழ உயரத்தில் நிற்கும்போது அதை ஏதோ ஒரு பச்சை என்றுதான் நினைப்பார்கள். கிழங்கோ மண்ணுக்குள் தயாராக இருக்கும்.

ஆகவே நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன். வெள்ளைத்தாள் கிடைக்காத காலம், பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாளில் ரோணியோ இயந்திரத்தில் அடித்து வீட்டுக்கொன்றாகக் கொடுத்தோம். எந்தக் கிழங்கைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று விபரமாக இருந்தது. கடைசிப் பந்தி இப்படி முடிந்தது: "கார்த்திகைப்பூக் கிழங்கு நஞ்சு. பூக்காத காலத்தில் இலையைக் கொண்டு அறிக. இலை ஈட்டியுருவானது. முதிர்ந்த இலையின் நுனி சுருண்டிருக்கும்." எழுதிவிட்டு இரண்டு தரம் வாய்விட்டு வாசித்து மகிழ்ந்தேன். தாவரவியலை இவ்வளவு சுத்தமான தமிழில் எழுத ஆரால் முடியும் என்று ஒரு திமிர்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்தேன். பெண்கள்தான் அதிகம். மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன். ஈட், டி, யு, ரு, வா, ன. ஆறு தட்டு. டியையும் யுவையும் ஒட்டி விழுங்கக்கூடாது, யகரம் காதில் விழவேண்டும் என்று திருத்தினேன். கட்டடமே அதிரச் சேர்ந்து சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த யோகம் என்ற பெண்தான் ஆக வடிவாக உச்சரித்தாள். தோட்டக்காரக் குடும்பம், எட்டு வயதில் ஒரே மகள். அவளை எழுப்பித் தனியாகச் சொல்லவைத்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

பின்னால் இருந்து யாரோ கேட்டார்கள், "மிஸ், ஈட்டி எண்டா என்ன?"

"வேல்தான். முருகன்ரை கையிலை கண்டதில்லையோ? கோயிலுக்குப் போறேல்லையோ நீங்கள்?" என்றேன். ஒரே சிரிப்பு.

"எல்லாருக்கும் விளங்கிச்சோ?"

"ஓம் மிஸ்!"

இந்த "ஓம் மிஸ்" பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். நம் ஊர்களில் அரசாங்க உத்தியோகத்தர் கேட்டால் ஓம் என்பதுதான் மரியாதை. விளங்கவில்லை என்று சொன்னால் வந்தவரைக் குறை சொன்னதாகப் போய்விடும் என்று நினைப்பார்கள். வெயிலுக்குள்ளே சைக்கிள் மிதித்து வந்த மனிசியை ஏன் வருத்துவான் என்று ஓம் போடுவார்கள். நான் அந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரம் காதுக்கு இனிப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். கூட்டத்துக்கு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். வேலியோரம் முழுக்க நின்றது. குனிந்தால் சேலையில் சேறு படும் என்று பஞ்சிப்பட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலை ஏழு மணிக்கு யோகத்தின் புருஷன் என் வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றான். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"மிஸ், ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. யோகமும் பிள்ளையும் நேற்று மத்தியானம் கிழங்கு அவிச்சுச் சாப்பிட்டவை. பின்னேரம் தொடக்கம் சத்தி எடுப்பும் வயித்தாலை போறதும். டொக்டர் என்ன கிழங்கெண்டு கேக்கிறார். யோகத்துக்குக் கதைக்கவும் ஏலாமல் கிடக்கு. நான் தோட்டத்திலை நிண்டிட்டன், எனக்கொண்டும் தெரியாது."

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. சின்ன ஆஸ்பத்திரி, கட்டிலுக்குக் கீழேயும் நோயாளர் படுத்திருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கையும் இஞ்சியையும் சேர்த்துச் சாப்பிட்டால் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு பயம் உண்டல்லவா? யோகமும் பிள்ளையும் அப்படித்தான் சாப்பிட்டார்களாம் என்று வாசலில் நின்றவர்களே எனக்குச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

டொக்டர் இளம்பெடியன். பல நாள் நித்திரை இல்லாத கண்.

"மரவள்ளிதானே மிஸ்? அப்பிடியெண்டா கண்டம் தாண்டியாச்சு. சத்தி நிண்டிட்டுது, பிள்ளை எழும்பி இருக்குது. பத்து மணிக்குத் துண்டு வெட்டலாம் எண்டு இருக்கிறன். கட்டில் தேவை."

துண்டு வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. யோகத்தின் புருஷன் கையில் கொண்டுவந்த பையை என்னிடம் நீட்டினான். சமைக்காமல் மிஞ்சிய கிழங்கு மூன்று இருந்தது. இரண்டு காட்டுவள்ளி. மூன்றாவதை எடுத்தேன். வெள்ளை, வழுவழுப்பு, நடுவில் மடங்கி இரண்டு கவராக விரிந்த கிழங்கு.

கார்த்திகைப்பூக் கிழங்கை நான் எத்தனை தரம் படம் கீறிக் காட்டியிருப்பேன்! அதை அந்தப் பையில் கண்டபோது முதல் ஒரு கணம், இது அதுவாக இருக்கக்கூடாது என்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மிஸ், மரவள்ளியோ?" டொக்டர் திரும்பக் கேட்டார்.

"பாத்துச் சொல்லுறன்," என்றேன். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்த வராந்தாவில் நான் அவர்களை நினைக்கவில்லை. என்னை நினைத்தேன். அந்தக் கிழங்கின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஊருக்கு நோட்டீஸ் கொடுத்தார்களே, அதில் என்ன இருந்தது என்று வரும். விசாரணை, இடமாற்றம், ஊர் வாய். மரவள்ளி என்று ஊரே சொல்கிறது, பிள்ளையும் எழும்பி இருக்கிறது, சுகம் வந்துவிட்டதே, நான் ஏன் வாயைத் திறப்பான்? இப்படி ஒரு யோசனை வந்தது. வந்தது என்றால் சும்மா வந்து போகவில்லை, கொஞ்சநேரம் இருந்தது.

ஜன்னலுக்குள்ளால் பார்த்தேன். யோகத்தின் மகள் கட்டிலில் சப்பாணி கட்டி இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு, "மிஸ்" என்று சிரித்தாள். அப்போதுதான் முன்னர் ஒருமுறை கொடிகாமத்தில் கண்ட மாடு நினைவுக்கு வந்தது. தோட்டம் கொத்தும்போது கிளம்பிய அந்தக் கிழங்கைத் தின்ற மாடு. முதல் நாள் கழிந்து தள்ளியது. இரண்டாம் நாள் எழும்பி நின்று வைக்கோல் கடித்தது, சொந்தக்காரர் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தார். மூன்றாம் நாள் விடிய விழுந்தது, பிறகு எழும்பவில்லை.

ஓடினேன். "டொக்டர், துண்டு வெட்டாதேங்கோ! உது மரவள்ளி இல்லை. கார்த்திகைப்பூக் கிழங்கு. உந்தச் சுகம் பொய்ச் சுகம். ஆபத்து இனித்தான் இருக்கு."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

அவருக்கு நித்திரை மயக்கம் அப்படியே போய்விட்டது. "கடவுளே, வீட்டை அனுப்பியிருப்பனே!" என்று கத்திக்கொண்டு தாதியைக் கூப்பிட்டார். சேலைன் தேடி ஒருவர் ஓடினார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடி இன்னொருவர் ஓடினார். நோட்டீசைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவருக்கும் கேட்க நேரமில்லை.

பயம் எனக்குள் கோபமாக மாறியது. நேரே யோகத்திடம் போய்ப் பாய்ந்தேன். "என்ன கோதாரிக்கு உதைத் தோண்டினனி? எத்தனை தரம் படிச்சுப் படிச்சுச் சொன்னது? நோட்டீஸ் தந்ததெல்லோ! அடுப்பு மூட்டவோ தந்தது?"

அவள் வாடிப்போய்க் கிடந்தாள். குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"சொன்னனீங்கள் மிஸ். எனக்கு மறக்கேல்லை. ஈட்டியுருவான." யகரம் தெளிவாகக் கேட்டது. "நோட்டீசைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் இலையைப் பாத்தனான். வேல் மாதிரி இருக்கேல்லை. எங்கடை கோயில் வேல் நல்ல அகலமெல்லோ? வெத்திலை மாதிரி. இது ஒடுங்கின இலை. நுனியும் சுருளேல்லை."

அவள் சொன்னது சரி. எங்கள் முருகன் கையில் இருக்கிற வேல் அகன்ற வேல்தான். சிரிப்பு மூட்ட நான் சொன்ன ஒரு வார்த்தையை அவள் வேதவாக்காக எடுத்து, அந்த வேலை மனதில் வைத்து இலையை அளந்திருக்கிறாள். தளிர் இலையின் நுனி சுருள நாள் எடுக்கும் என்று நான் எங்கே எழுதினேன்?

"பக்கத்து வீட்டு ராசமக்காவுக்குச் சந்தேகம் வந்தது மிஸ். எறியடி எண்டவ. நானும் எறியத்தான் போனனான். பிறகு ரெண்டு பேருமா நோட்டீசைப் பாத்தம். அதிலை போட்ட அடையாளம் இதுக்கில்லை. அப்ப பயமில்லை எண்டு அவிச்சனான். அப்பவும் நான்தான் முதல் திண்டனான். ஒரு மணித்தியாலம் இருந்து பாத்தனான் மிஸ். ஒண்டும் செய்யேல்லை. அதுக்குப் பிறகுதான் பிள்ளைக்குக் குடுத்தனான்."

எறியத்தான் போனாள்! பிள்ளைகளே, இதைக் கேட்டபோது நான் அடைந்த அதிர்ச்சியை என்னால் உங்களுக்குச் சரியாகச் சொல்ல முடியாது. நான் அந்த ஊருக்கே போகாமல் இருந்திருந்தால், ஒரு வரியும் எழுதாமல் இருந்திருந்தால், அவள் அந்தக் கிழங்கை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டுப் பட்டினி கிடந்திருப்பாள். அவளுக்கு இருந்த நல்ல பயத்தைப் போக்கியது என் நோட்டீஸ்.

"யோகம், பிழை உன்ரை இல்லை. நான் எழுதினதுதான் பிழை," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "உதை வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ மிஸ். பிறகு நீங்கள் ஒண்டு சொன்னா சனம் கேக்காது. எங்கடை பக்கம் எட்டிப் பாக்க வேறை ஆர் இருக்கினம்?"

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் வந்து என்னைக் கும்பிட்டான். "மிஸ் வராட்டி இப்ப வீட்டை கொண்டு போயிருப்பன். நீங்கள்தான் மிஸ் எங்களுக்குத் தெய்வம்." எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்று இருந்தது. ஆனாலும் பாருங்கள் மனித மனத்தை, அதிலும் ஒரு சபலம் எட்டிப் பார்த்தது. யோகமே சொல்ல வேண்டாம் என்கிறாள். அடுத்த கூட்டம் பத்து நாளில். அங்கே மெல்லமாக, முன்னர் சொன்னதை இன்னும் விளக்கமாகச் சொல்கிறேன் என்று சமாளித்துவிடலாமே?

நோட்டீஸ் அத்தனை வீட்டிலும் கிடந்தது. ஊர் முழுக்க மரவள்ளி, இஞ்சி என்று கதைத்துக்கொண்டிருந்தது. வேலிகளில் கொடி முளைத்து நின்றது. பத்து நாள் பொறுக்கலாமா என்று நான் என்னையே கேட்டேன். பதில் சொல்ல அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வேலியோரத்திலேயே ஒரு கொடியைக் கிழங்கோடு பிடுங்கினேன். சேலை முழுக்கச் சேறு. சைக்கிளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "நான் எழுதினது பிழை. நோட்டீசைத் திருப்பித் தாங்கோ. இந்தா, இதுதான் அந்தச் செடி, கையிலை வாங்கிப் பாருங்கோ." இதுதான் நான் சொன்னது, வேறு பேச்சில்லை. ஒரு வீட்டில் ஒரு பெரியவர் இலையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இது மூங்கில் இலை மாதிரியெல்லோ பிள்ளை? உப்பிடிச் சொல்லியிருந்தா ஆருக்கும் விளங்குமே," என்றார். இன்னொரு வீட்டில் ஒருத்தி, "படிச்ச நீங்களே பிழை விட்டா நாங்கள் ஆரை நம்பிறது?" என்று படலையை அடித்துச் சாத்தினாள். யோகம் பயந்தது அப்படியே நடந்தது.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவித்துக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றாம் நாள் யோகமும் மகளும் நினைவு தப்பிக் கிடந்தார்கள். நான் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தேன். ஒன்றரைக் கிழமைக்குப் பிறகு பிள்ளையின் தலையை வாரப் போன தாயின் கையோடு மயிர் முழுக்கக் கழன்று வந்துவிட்டது. அந்தக் கிழங்கு அப்படித்தான் செய்யும். தாய்க்கும் கொட்டியது. ஆனால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். மயிர் திரும்ப வளர்ந்தது. இன்னொரு பிள்ளையும் பிழைத்தது, அதுதான் நான் இனிச் சொல்லப்போவது.

நான் வீடு வீடாகப் போன அன்று பின்னேரம் நாலு மணியிருக்கும். கடைசி ஒழுங்கையில் கடைசி வீடு. மழை தூறியது. எனக்குக் கால் கடுத்தது, பசி வேறு. கிட்டத்தட்ட எல்லா வீடும் முடிந்ததுதானே, இதை நாளைக்குப் பார்க்கலாமா என்று ஒழுங்கை முகப்பில் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, மிதித்தேன்.

அடுக்களை வாசலில் மூன்று பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பைகளோடு வரிசையாக இருந்தார்கள். உள்ளே தாய் அடுப்பில் இருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுளகு நிறையக் கிழங்குத் தோல். ஒரு முழுக் கிழங்கும் மிஞ்சிக் கிடந்தது, மடங்கி, இரண்டு கவராக. சுவரில் என் நோட்டீசைச் சோறு தடவி ஒட்டியிருந்தாள்.

சேலைத் தலைப்பால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து மழைக்குள் கவிழ்த்தேன்.

"மிஸ்! உங்களுக்கென்ன விசரோ?" அவள் அலறினாள். "காலமை தொடக்கம் பிள்ளையள் ஒண்டும் தின்னேல்லை! நோட்டீசைப் பாத்துத்தானே வைச்சனான்! ஈட்டியுருவான இலை எண்டெல்லோ போட்டிருக்கு, இது வேல் மாதிரியோ? பாருங்கோ, வேல் மாதிரியோ?"

அதே சொல். யோகம் காலையில் சொன்ன அதே சொல். கிழங்கின் பெயரைச் சொன்னேன். யோகத்தின் மகள் எங்கே கிடக்கிறாள் என்பதையும் சொன்னேன். அவள் அடுக்களை நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

மூன்றில் சின்னவள், நாலு வயது இருக்கும், தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய கோப்பையில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"நான் ஒரு துண்டு திண்டிட்டன்," என்றாள். "அம்மா ஊதித் தந்தவ."

அவளைத் தூக்கிச் சைக்கிள் பாரில் வைத்தேன். தாய் தலைவிரி கோலமாகப் பின்னால் ஓடி வந்தாள். எப்படி மிதித்தேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் அதே டொக்டர் நின்றார். பிள்ளையையும் என் சைக்கிளில் தொங்கிய கொடியையும் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. பிள்ளையை என் கையில் இருந்து பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடும்போதே கத்தினார்.

"இன்னுமொண்டோ! ஆர் மிஸ் உந்தச் சனத்துக்கு உதைத் தின்னலாம் எண்டு சொன்னது?"

"நான்தான், டொக்டர்," என்றேன்.